பால் கறக்காத காளையைப் பாலுக்காகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இந்தக் கட்டுரையில் கோடிங் டிப்ஸ் இல்லை, கேட் தேர்வுக்கான ஃபார்முலா ஷீட்டும் இல்லை. மாடு பற்றித்தான் எழுதப் போறேன். "இன்ஜினியரிங் மேகசின்ல மாடு எதுக்குப்பா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்க. மேட்ரிக்ஸ், ரிக்ரஷன், டிரெய்னிங் டேட்டா எல்லாம் தானாகவே உள்ளே வந்து உட்காரும். அதுக்கும் மேல, நம்மில் பலருக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டினது பால் பணம்தானே.

கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் பக்கத்தில் இருக்கும் நைனார்பாளையத்தை எடுத்துக்குங்க. சுற்றிலும் மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு. தூரத்தில் கல்வராயன் மலை. மழை ஏமாத்தினாலும் சரி, மரவள்ளி விலை ஏமாத்தினாலும் சரி, ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு போவது காலையும் மாலையும் கறக்கிற பால். கொட்டகையில் ரெண்டு கறவை, ஒரு கிடேரிக் கன்று. இதுதான் சராசரிக் காட்சி. பெரிய பண்ணை எல்லாம் கிடையாது.

அந்தக் கிடேரி வளர்ந்து, சினையாகி, கன்று போட்டு, முதல் முறையாகப் பால் கறக்க ஏறக்குறைய மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தீவனம், தண்ணி, ஆள் உழைப்பு எல்லாம் செலவுதான். மூணு வருஷம் கழிச்சு அது நாளுக்கு பன்னிரண்டு லிட்டர் கறக்குமா, நாலு லிட்டரோடு நின்னுடுமா? முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று யோசிங்க. இந்தக் கேள்விக்கு உலகம் இதுவரை மூணு விதமாகப் பதில் சொல்லியிருக்கு. ஒன்று, கண்ணால் பார்த்து. இரண்டு, பிள்ளைகளைப் பார்த்து. மூன்று, டி.என்.ஏ.வைப் பார்த்து.

கண்ணால் பார்ப்பது

மாட்டுச் சந்தைக்குப் போனவங்களுக்கு இது தெரியும். தரகர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்பதில் வயசு தெரிஞ்சிடும். அடுத்து மடி: தொங்கக் கூடாது, நாலு காம்பும் சமமாக இருக்கணும். வயிற்றுக்கு அடியில் ஓடுகிற பால் நரம்பு தடிச்சு நெளிஞ்சு இருக்கணும். தோல் மெல்லிசாக இருக்கணும். கடைசியில் சுழி. சுழி சரியில்லை என்றால் நல்ல கறவையைக்கூட வேண்டாம் என்று விட்டுட்டுப் போறவங்க உண்டு.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே அடியாகத் தள்ளிவிடாதீங்க. மடி அமைப்பு, காம்பின் நீளம், கால் நிற்கும் விதம் போன்றவற்றை இன்றைக்கும் உலகம் முழுக்க பால்மாட்டு இனவிருத்தி அமைப்புகள் மதிப்பெண் போட்டுப் பதிவு செய்றாங்க. அவை பரம்பரையாக வரும் குணங்கள்தான். சுழியில்கூட ஒரு சுவாரசியம் இருக்கு. 1995ல் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டினும் அவருடன் இருந்தவர்களும், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே இருக்கும் மாடுகள் கட்டிப் பிடிக்கும்போது அதிகமாக மிரளுகின்றன என்று ஆய்வில் காட்டினார்கள். வீட்டுக்கு ஆகும், ஆகாது என்கிற பலன் எல்லாம் அதில் வராது. முரட்டு மாடா, சாது மாடா என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கலாம். அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்கும் முறை எங்கே ஜெயித்தது என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே சான்று இருக்கு: காங்கேயம் மாடு. பழையகோட்டை பட்டக்காரர் மந்தை பல தலைமுறையாகத் தேர்வு செய்து வளர்க்கப்பட்டதற்குப் பேர் போனது. ஏர், வண்டி, கவலை இறைப்பு என்று இழுவைக்காகத் தேர்ந்தெடுத்தாங்க. அங்கே ஏன் ஜெயிச்சாங்க? காளையின் பலத்தைக் காளையிடமே பார்க்கலாம்! பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் தெரிஞ்சு போச்சு.

பாலில் அந்த வசதி இல்லை. காளை பால் கறக்காது. ஆனால் பிறக்கப் போகும் கிடேரியின் மரபில் சரிபாதி காளையிடமிருந்து வருது. அதுவும் செயற்கைக் கருவூட்டல் வந்த பிறகு ஒரு பசு தன் ஆயுளில் நாலைந்து கன்று போடும். ஒரு காளைக்கோ உறைவிந்துக் குச்சிகள் மூலமாக ஆயிரக்கணக்கில் மகள்கள். இந்தியாவில் இந்த முறையை முதலில் 1939ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரன் செய்து காட்டினார். அன்றிலிருந்து ஒரு தவறான காளையின் விலை ஒரு கொட்டகையோடு முடிவதில்லை, ஒரு தாலுகா முழுக்கப் பரவும்.

பசுவையாவது கண்ணால் பார்த்துச் சரியாகச் சொல்ல முடியுமா? அதிலும் பாதிதான். நைனார்பாளையத்தில் ஒரு மாடு பத்து லிட்டர் கறக்குது, பக்கத்து வீட்டு மாடு ஆறு லிட்டர். இந்த நாலு லிட்டர் வித்தியாசத்தில் தீவனம் எவ்வளவு, பசும்புல் எவ்வளவு, போன மாதம் வந்த மடிநோய் எவ்வளவு, மரபு எவ்வளவு? ஒரே சூழலில் வளரும் மாடுகளுக்குள்ளே, பால் அளவில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால்வாசிதான் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படும் மரபால் வருவது. இதை ஹெரிட்டபிலிட்டி, தமிழில் மரபுவழித்திறன் என்பார்கள். பாலுக்கு 0.25 என்று வைத்துக்குவோம். ஒரு பசுவின் ஒரே ஒரு ஈத்துப் பாலை வைத்து அதன் மரபு மதிப்பைக் கணித்தால், கணிப்பின் துல்லியம் 0.25ன் வர்க்கமூலம். அதாவது 0.5. துல்லியம் என்று இங்கே நான் சொல்வது உண்மை மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள கோரிலேஷன். 1 என்றால் கச்சிதம், 0 என்றால் குருட்டடி.

மகள்களைக் கேட்டுப் பார்ப்பது

காளை பால் கறக்காது; சரி, அதன் மகள்கள் கறக்குமே! இதுதான் மகவுச் சோதனை. இளம் காளையின் விந்தைப் பல ஊர்களில் பல மாடுகளுக்குப் போட்டு, பிறக்கும் கிடேரிகள் வளர்ந்து கறக்கும் பாலை மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் அளந்து பதிவு செய்து, அந்தச் சராசரியை வைத்துக் காளையை மதிப்பிடுவது. ஒரு வீட்டில் புண்ணாக்கு, இன்னொரு வீட்டில் வெறும் தட்டை என்ற வித்தியாசம் எல்லாம் மகள்கள் பல கொட்டகைகளில் சிதறி இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிடும். சிக்னலை வைத்துக்கொண்டு நாய்ஸை ஆவரேஜ் பண்ணித் தள்ளுகிற அதே வேலை.

கணக்கு அழகானது. மரபுவழித்திறன் 0.25 என்றால்,

துல்லியம் = √(மகள்கள் ÷ (மகள்கள் + 15))

பத்து மகள்கள் இருந்தால் 0.63. ஐம்பது இருந்தால் 0.88. நூறு இருந்தால் 0.93. ஐம்பதுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் பெரிய லாபம் இல்லை என்பதைக் கவனிங்க. அந்த 15 எங்கிருந்து வந்தது? 4லிருந்து மரபுவழித்திறனைக் கழித்து, அதே மரபுவழித்திறனால் வகுத்தால் வரும். நீங்களே போட்டுப் பாருங்க. இதே சூத்திரத்தில் சினை பிடிக்கும் திறனைப் போட்டால் முகம் வாடிப் போகும். அதன் மரபுவழித்திறன் 0.04 அளவுதான். 15க்குப் பதில் 99 வரும். ஐம்பது மகள்கள் இருந்தும் துல்லியம் 0.58.

மகவுச் சோதனையின் பெரிய குறை துல்லியம் இல்லை, நேரம். காளைக்கன்று வளர்ந்து விந்து தர ஒன்றரை வருஷம். ஊர் ஊராக ஊசி போட சில மாதங்கள். சினை ஒன்பது மாதம். மகள் வளர்ந்து கன்று போட மூணு வருஷம். ஒரு கறவைக்காலம் 305 நாள். கூட்டினால் ஏழு வருஷத்தைத் தொட்டுடும். நீங்க பிளஸ் ஒன் சேர்ந்த அன்றைக்குப் பிறந்த காளைக்கு, நீங்க பி.இ. முடிச்சு முதல் வேலையில் ஒரு வருஷம் ஓட்டின பிறகுதான் ரிசல்ட் வரும்! அதுவரைக்கும் அந்தக் காளைக்குத் தீவனம் போட்டு வைத்திருக்கணும். பத்தில் ஒன்பது காளை தேறாது என்று கடைசியில் தெரியும்.

இந்தியாவில் இதைச் செய்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஒரே பண்ணையில் ஆயிரம் மாடு, கம்ப்யூட்டர் பதிவு. நம்ம ஊரில் ஆயிரம் மாட்டைப் பார்க்கணும் என்றால் ஐந்நூறு கொட்டகைக்குப் போகணும். இருந்தும் செய்திருக்காங்க. கேரளம் 1963ல் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டத்தின் வழியாக சுனந்தினி என்ற கலப்பினத்தையே உருவாக்கியது. தேசிய பால்வள வாரியத்தின் தேசிய பால்வளத் திட்டத்தில், 2011-12லிருந்து பல மாநிலங்களில் கிராம அளவில் மகவுச் சோதனை நடந்தது. அப்படிப்பட்ட திட்டத்தில் பால் அளக்க வீடு வீடாகப் போறவர் காலை கறவைக்கு முன்னாடியே கொட்டகையில் நிற்கணும். மழையானாலும் சரி, பொங்கலானாலும் சரி. இந்தக் கதையில் எனக்கு ஹீரோ அவர்தான். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

டி.என்.ஏ.வைப் பார்ப்பது

மாட்டுக்கு முப்பது ஜோடி குரோமோசோம்கள். எழுத்துக் கணக்கில் ஏறக்குறைய 270 கோடி. அதில் மாட்டுக்கு மாடு ஒரே ஒரு எழுத்து மாறும் இடங்கள் லட்சக்கணக்கில் உண்டு. அந்த இடங்களுக்கு ஸ்னிப் என்று பேர். பாலுக்குப் பொறுப்பான ஜீன் ஒன்றோ ரெண்டோ அல்ல, ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் பங்கு தரும். அதனால் "பால் ஜீனைக் கண்டுபிடி" என்று தேடினவங்க பல வருஷம் தேடி ஓய்ந்து போனாங்க.

2001ல் மியூவிசன், ஹேய்ஸ், காடர்ட் என்ற மூணு பேர் வேறு வழி சொன்னார்கள். எந்த ஜீன் என்று தேடவே வேண்டாம். குரோமோசோம் முழுக்க நெருக்கமாக அடையாளக் கற்கள் மாதிரி ஸ்னிப்புகளை எடுத்துக்கொள். எல்லாவற்றின் விளைவையும் ஒரே நேரத்தில் கணக்கிடு. கூட்டு. அதுதான் மாட்டின் மரபு மதிப்பு. அப்போது அதற்கான சிப் கிடையாது. அவங்க அதை சிமுலேஷனில் காட்டினாங்க. இல்லுமினா நிறுவனத்தின் சுமார் 54,000 ஸ்னிப் படிக்கும் மாட்டுச் சிப் 2007 கடைசியில் வந்தது. 2009 ஜனவரியில் அமெரிக்கா ஹோல்ஸ்டீன், ஜெர்சி இனங்களுக்கு ஜீனோம் மதிப்பீட்டை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. பேப்பரிலிருந்து கொட்டகைக்கு எட்டே வருஷம்.

இப்போ நம்ம ஏரியா. தெரியாத மாறிகள் 54,000. பதிவு இருக்கும் மாடுகள் 5,000 என்று வைங்க. சமன்பாடுகள் 5,000, மாறிகள் 54,000! சாதாரண லீஸ்ட் ஸ்கொயர்ஸ் போட்டால் மேட்ரிக்ஸ் இன்வர்ஸே ஆகாது. என்ன செய்வீங்க? மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்க கை தூக்கியிருப்பீங்க: ரிட்ஜ் ரிக்ரஷன். டயகனலில் ஒரு லாம்டா சேர்த்து எல்லா விளைவுகளையும் பூஜ்யத்தை நோக்கி இழுத்துப் பிடிப்பது. அந்த லாம்டாவின் மதிப்பைக் கிராஸ் வேலிடேஷன் பண்ணித் தேடத் தேவையில்லை, மரபுவழித்திறனிலிருந்தே வந்துடும் என்பது இதில் ரசிக்க வேண்டிய இடம். மரபுவழித்திறன் குறைந்தால் லாம்டா கூடும். மாடல் அந்த டேட்டாவைக் குறைவாக நம்பும்.

நடைமுறையில் மாதிரி எடுப்பது ரொம்ப எளிது. வால் மயிரை வேரோடு பிடுங்கினால் போதும், இல்லை காதில் ஒரு துளி சதை, இல்லை கொஞ்சம் ரத்தம். கன்று பிறந்த வாரத்திலேயே எடுக்கலாம். காளைக்கன்றா, கிடேரியா என்பதும் பொருட்டில்லை.

இதில் பழைய முறையால் பார்க்கவே முடியாத ஒன்று தெரியும். ஒரே காளை, ஒரே பசு. அடுத்தடுத்த ரெண்டு ஈத்துல ரெண்டு கிடேரி. வம்சாவளிப் புத்தகத்தில் ரெண்டுக்கும் ஒரே மதிப்புதான். ஆனால் அக்கா பத்து லிட்டர், தங்கச்சி ஆறு லிட்டர் என்று கறப்பது நீங்க பார்த்திருப்பீங்க. நீங்களும் உங்க அண்ணனும் ஒரே மார்க்கா எடுத்தீங்க? அப்பா அம்மாவிடமிருந்து எந்தப் பாதி யாருக்கு வந்தது என்பது ஒரு குலுக்கல். மொத்த மரபு வேறுபாட்டில் பாதி இந்தக் குலுக்கலில்தான் ஒளிஞ்சிருக்கு. சிப் அந்தக் குலுக்கலின் முடிவைப் பிறந்த அன்றே படித்துச் சொல்லுது.

யார் ஜெயிக்கிறார்கள்? ஒரு கணக்கு

இனவிருத்திக்காரர்களுக்கு ஓம்ஸ் லா மாதிரி ஒரு சூத்திரம் இருக்கு:

வருட முன்னேற்றம் = (தேர்வுத் தீவிரம் × துல்லியம் × மரபு விலக்கம்) ÷ தலைமுறை இடைவெளி

நூறு காளையில் மேல் ஐந்தை எடுத்தால் தேர்வுத் தீவிரம் 2.06. மரபு விலக்கம் ஒரு ஈத்துக்கு 300 லிட்டர் என்று கணக்குக்காக வைப்போம்.

மகவுச் சோதனை: துல்லியம் 0.88, இடைவெளி 7 வருஷம். வருஷத்துக்கு சுமார் 78 லிட்டர்.

ஜீனோம் சோதனை: துல்லியம் 0.7 என்று வைங்க, இடைவெளி 2.5 வருஷம். வருஷத்துக்கு 173 லிட்டர்.

துல்லியம் குறைவு, ஆனாலும் ரெண்டு மடங்குக்கு மேல் வேகம்! காளைப் பக்கத்தை மட்டும் பார்க்கிற எளிமையான கணக்குதான் இது. நிஜத்தில் தாய்ப் பக்கமும் சேரும். ஆனால் ஏன் பத்தே வருஷத்தில் உலகமே மாறியது என்று இதிலேயே புரிஞ்சிடும்.

இப்போ கொஞ்சம் திருப்பிப் போடுங்க. ஜீனோம் துல்லியம் எவ்வளவுக்குக் கீழே போனால் பழைய முறையே மேல்? 0.88ஐ 2.5ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 0.31. இந்த எண்ணை ஞாபகம் வைங்க. துல்லியம் 0.3 ஆகிவிட்டால் வருஷத்துக்கு 74 லிட்டர்தான். ஏழு வருஷம் காத்திருந்த பழைய முறையைவிடக் கீழே. அதாவது வேகமான தப்பு, மெதுவான சரியைவிட லாபம் தர வேண்டுமானால், அந்தத் தப்புக்கும் ஒரு எல்லை இருக்கு.

நம்ம மாட்டுக்கு அது எவ்வளவு?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்குது. வெளிநாட்டு ஹோல்ஸ்டீனில் டிரெய்ன் பண்ணின மாடலை எடுத்து வந்து நைனார்பாளையத்துக் கலப்பின ஜெர்சியில் ஓட்டினால் என்ன ஆகும்? உங்களுக்கே தெரியும். டிரெய்னிங் டேட்டா ஒன்று, டெஸ்ட் டேட்டா வேறு.

ஸ்னிப் என்பது ஜீன் அல்ல, ஜீனுக்குப் பக்கத்தில் நட்ட மைல்கல். ஐரோப்பிய மாடுகளில் "இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நல்ல ஜீன்" என்ற தொடர்பு, திமில் உள்ள நம்ம நாட்டு மாடுகளில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ரெண்டும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து தனித்தனியாகப் பழக்கப்பட்ட வம்சங்கள். கலப்பினமோ ரெண்டின் துண்டுகளும் மாட்டுக்கு மாடு வேறு வேறு அளவில் கலந்த சீட்டுக்கட்டு.

ஒரு உதாரணம். டிகேட்1 என்று ஒரு ஜீன். 2002ல் கண்டறிந்தார்கள். அதன் ஒரு வடிவம் இருந்தால் பாலில் கொழுப்பு கூடும், அளவு குறையும். ஹோல்ஸ்டீனில் ரெண்டு வடிவமும் கலந்து இருப்பதால் அங்கே இது தங்கமான மார்க்கர். நம்ம நாட்டு இனங்களில் தேடினால், கொழுப்பு கூட்டும் வடிவமே ஏறக்குறைய எல்லா மாட்டிலும் இருக்கு. வகுப்பில் எல்லாரும் சென்டம் என்றால் அந்தப் பேப்பரை வைத்து யாரை ரேங்க் பண்ணுவீங்க? சொசைட்டியில் கொழுப்பும் இதர திடச்சத்தும் பார்த்துத்தான் விலை போடுறாங்க என்பதால் இது நம்ம பாக்கெட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஜீன்தான். ஆனாலும் நாட்டு மாட்டுக்குள் தேர்வு செய்ய அது உதவாது.

அதனால்தான் இந்தியாவுக்கென்று தனிச் சிப்கள் வந்தன. தேசிய பால்வள வாரியம் இண்டஸ்சிப் என்ற சிப்பை உருவாக்கியது. ஐதராபாத்தின் தேசிய கால்நடை உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் 11,496 மார்க்கர்கள் கொண்ட இண்டிகௌ சிப்பை 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. 2024 அக்டோபர் 5 அன்று மகாராஷ்டிரத்தின் வாசிமில் நடந்த விழாவில், மாடுகளுக்கு கௌ சிப், எருமைகளுக்கு மகிஷ் சிப் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சிப்களைப் பிரதமர் வெளியிட்டார்.

சிப் வந்தால் வேலை முடிஞ்சதா? இல்லை. சிப் தருவது மேட்ரிக்ஸின் ஒரு பக்கம் மட்டுமே. சமன்பாட்டின் இன்னொரு பக்கத்தில் "இந்த மாடு இவ்வளவு கறந்தது" என்ற எண் வேணும். அது லேபில் கிடைக்காது. காலையில் கொட்டகையில் பாத்திரத்தோடு நின்று அளக்கணும். முன்னாடி ஹீரோ என்று சொன்னேனே, அவர்தான்! மகவுச் சோதனைக்காகக் கிராமங்களில் வருஷக்கணக்கில் அளந்த பால் பதிவுகள்தான் ஜீனோம் மாடலுக்கு டிரெய்னிங் டேட்டா. பழைய முறையை மூடிவிட்டுப் புதிய முறை வராது. பழைய முறையின் தோளில் ஏறித்தான் வரும். அதுவும் ஒரு தடவை அளந்துவிட்டு நிறுத்தினால் போதாது. தலைமுறை நகர நகர மைல்கல்லுக்கும் ஜீனுக்கும் உள்ள பிணைப்பு தளரும், மாடல் பழசாகும். தொடர்ந்து அளந்துகொண்டே இருந்தால்தான் அந்த 0.31க்கு மேலே நிற்க முடியும்.

மாட்டின் காதில் மஞ்சள் கம்மல் பார்த்திருப்பீங்க. பன்னிரண்டு இலக்க எண். பலர் அதை இன்சூரன்ஸுக்கு என்று மட்டும் நினைக்கிறாங்க. டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால் அதுதான் பிரைமரி கீ. ஊசி, சினை, கன்று, பால், தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணில்தான் இணையணும். கம்மல் அறுந்து விழுந்தால், புதுக் கம்மலில் புது எண் ஏறினால், பழைய பதிவோடு இணைக்காமல் விட்டால், அந்த மாடு டிரெய்னிங் செட்டிலிருந்து காணாமல் போச்சு.

வேகத்தின் இன்னொரு முகம்

1962ல் அமெரிக்காவில் பிறந்த ஒரு ஹோல்ஸ்டீன் காளை, பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப். பாலில் அதன் மகள்கள் கொடி கட்டிப் பறந்தன. உலகம் முழுக்க அதன் வம்சம். பழைய முறையில் தேர்வான, மகவுச் சோதனையில் சந்தேகமே இல்லாமல் ஜெயித்த காளை. ஆனால் அதன் ஒரு ஜீனில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அந்தப் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கரு வயிற்றிலேயே அழிஞ்சிடும். ஐம்பது வருஷமாக யாருக்கும் தெரியலை. 2016ல் வெளியான ஆய்வு, இதனால் உலக அளவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் கலைந்திருக்கும் என்று மதிப்பிட்டது. மகள்களின் பாலை அளந்தவர்கள் பிறக்காத கன்றை எங்கே அளப்பது? ஜீனோம் டேட்டா குவிந்த பிறகு, "இந்தத் துண்டு ரெண்டு பிரதியாக எந்த உயிருள்ள மாட்டிலும் இல்லையே" என்று இல்லாததைப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க.

ஜெர்சியிலும் இதேபோல ஒன்று இருக்கு. சி.டபிள்யூ.சி.15 என்ற ஜீனில் உள்ள பிழை. அப்சர்வர் சாக்லேட் சோல்ஜர் என்ற காளையின் வம்சத்தில் வந்தது. நம்ம சமவெளி மாவட்டங்களில் ஓடுவது பெரும்பாலும் கலப்பின ஜெர்சி என்பதால் இதை நாம் கவனிக்கணும்.

இப்படி யோசிங்க. இப்படிப்பட்ட பிழை ஒன்றைச் சுமக்கும் காளையின் குச்சியை உங்க மாட்டுக்குப் போட்டாங்க. கிடேரி பிறந்தது. பிழை அதற்கு வந்திருக்க வாய்ப்பு பாதி. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தக் கிடேரி பருவத்துக்கு வருது. எந்தக் காளை என்று யாரும் எழுதி வைக்கலை. அதே காளையின் குச்சியே மறுபடி வருது. அப்பனும் மகளும்! பாதியைக் காலால் பெருக்குங்க: எட்டில் ஒரு கரு நிற்காது. கூடவே உள்ளினச் சேர்க்கையின் மற்ற பலவீனங்கள் தனி. வீட்டில் என்ன சொல்லுவாங்க? "ஊசி போட்டும் சினை நிக்கல." ஊசி போட்டவரைத் திட்டுவாங்க, மாட்டைத் திட்டுவாங்க, கடைசியில் அடிமாட்டு விலைக்கு விற்பாங்க. சினை நிற்காததற்குச் சத்துக் குறைவு, பருவம் பார்ப்பதில் தாமதம், கருப்பை நோய் என்று வேறு பெரிய காரணங்கள் நிறைய உண்டு. எல்லாப் பழியையும் ஜீன்மேல் போட முடியாது. ஆனால் இந்த ஒரு காரணத்தைத் தடுக்க ஜீனோம் சிப்கூடத் தேவையில்லை. ஒரு நோட்டு போதும்.

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கு. ஜீனோம் தேர்வில் தலைமுறை வேகமாகச் சுழலும். எல்லாரும் ஒரே பட்டியலின் முதல் பத்துக் காளையையே பிடிப்பாங்க. அமெரிக்க ஹோல்ஸ்டீனில் 2009க்குப் பிறகு வருடாந்திர உள்ளினச் சேர்க்கை வேகம் கூடியது. நம்மகிட்ட காங்கேயம், பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி என்று சின்னச் சின்ன மந்தைகள். அங்கே பாலுக்காக மட்டும் சிப்பை ஓட்டி நாலே காளையைத் தேர்ந்தெடுத்தால், அந்த இனத்தின் உழைப்பையும் நோய் தாங்கும் திறனையும் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தொலைச்சிடுவோம். அங்கே சிப்பைக் காளைகளுக்குள் உறவைக் கணக்கிட்டு, சொந்தத்துக்குள் சேராமல் பார்த்துக்கொள்ளப் பயன்படுத்துவதுதான் என் கருத்தில் முதல் வேலை.

இடையில் ஒன்று: ஏ2 பால் என்று விளம்பரம் பார்த்து, "அந்த டெஸ்ட்தானே இது?" என்று கேட்கிறாங்க. இல்லை. ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசீன் என்ற ஒரே புரதத்தில் 67வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவது. ஒரே ஒரு ஸ்னிப். மாடு எவ்வளவு கறக்கும் என்று அது சொல்லாது. ஏ1 பாலால் நோய் வரும் என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009ல் ஆராய்ந்து, காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது.

அப்போ வீட்டில் இருக்கும் கிடேரிக்கு டெஸ்ட் எடுக்கலாமா?

ரெண்டு கறவை, ஒரு கிடேரி உள்ள வீட்டுக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்ஜினியரிங் எகனாமிக்ஸில் தகவலின் மதிப்பு என்று ஒன்று படிச்சிருப்பீங்க. ரிசல்ட் எப்படி வந்தாலும் முடிவு மாறாது என்றால் அந்த டெஸ்டின் மதிப்பு பூஜ்யம். இருப்பதே ஒரு கிடேரி. ரிசல்ட் சுமாராக வந்தாலும் அதைத்தான் வளர்க்கப் போறாங்க. இருபது கிடேரியில் எட்டை வைத்துக்கொண்டு மீதியை விற்கும் பண்ணைக்குக் கணக்கு வேறு. காளைக்கன்றைத் தேர்ந்தெடுக்கும் உறைவிந்து நிலையத்துக்கு முழுக்க முழுக்க வேறு. ஒரு சோதனையின் செலவு ஆயிரக்கணக்கான குச்சிகளில் கரைஞ்சிடும். இந்தச் சோதனை நடக்க வேண்டிய இடம் அதுதான். உறைவிந்து நிலையக் காளைகளுக்குக் குரோமோசோம் பரிசோதனையும், சில மரபுநோய்ப் பரிசோதனைகளும் ஏற்கெனவே கட்டாய விதியில் இருக்கு.

சின்ன விவசாயிக்குச் சேர வேண்டியது சிப் அல்ல, அதன் பலன். அது வந்து சேரும் வாசல் அந்தக் குச்சி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஊசி போட வர்றவர் கையில் இருக்கும் குச்சியைக் கேட்டு வாங்கிப் பாருங்க. பென்சிலைவிட மெல்லிசு. அதன் மேலே பொடி எழுத்தில் காளையின் எண், இனம், நிலையத்தின் குறியீடு, தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். போட்ட பிறகு அதைக் குப்பையில் வீசிடுவாங்க. வீசுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுங்க. நோட்டில் அஞ்சு காலம் போடுங்க: மாட்டின் கம்மல் எண், ஊசி போட்ட தேதி, காளை எண், கன்று போட்ட தேதி, மாதம் ஒரு நாள் காலை மாலை கறந்த லிட்டர். கிடேரி பருவத்துக்கு வரும்போது அந்த நோட்டைத் திறந்து, "இந்தக் காளை எண் வேண்டாம், வேற இருக்கா?" என்று கேளுங்க.

மினி ப்ராஜெக்ட் தேடுகிற மூணாம் வருஷ ஆட்களுக்கு: குச்சியைப் போட்டோ எடுத்தால் காளை எண்ணைப் படித்து, அந்த மாட்டின் அப்பாவும் அதுவா என்று பார்த்து எச்சரிக்கும் ஒரு தமிழ் ஆப். ஓ.சி.ஆர்., ஒரு சின்ன டேட்டாபேஸ், நெட் இல்லாதபோதும் ஓடணும். கல்வராயன் மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சின்னசேலத்திலிருந்து சேலம் ரோட்டில் போனால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. கேட்க வேண்டிய சந்தேகங்களை அங்கே போய்க் கேட்கலாம். டீம் சேர்கிறவங்க சொல்லுங்க, முதல் டெஸ்ட் டேட்டாவுக்கு எங்க வீட்டு நோட்டைத் தர்றேன்.